முகமாலையைத் தாண்டி ஒரு கிளினிக் பயணம்

விடியற்காலையில் கிளிநொச்சியில் நானும் அக்காவும் பஸ் ஏறினோம். அக்காவின் மடியில் ஒரு பெரிய உறை. நாரி நோவுக்காக எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கான். நாரியில் பெரிய பழுதில்லை. ஆனால் றிப்போட்டின் கடைசியில், எலும்பு மச்சையில் மாற்றம் தெரிகிறது, மேலும் பரிசோதிக்கவும் என்று ஒரு வரி. அதை யாரும் விளங்கப்படுத்தவில்லை. அயலில் ஒருவர், "புற்றுநோயாகவும் இருக்கலாம்" என்றார். அக்கா உறையை மூன்று மாதம் அரிசிப் பெட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தா. அத்தானை 2009இல் இழந்தவ. "எனக்கு ஏதும் எண்டால் பிள்ளையளை ஆர் பாக்கிறது?"

பரந்தன், ஆனையிறவு, பளை தாண்டி முகமாலை வந்தது. 2002இல் பாதை திறந்தபோது பொதிகளோடு வரிசையில் நின்ற இடம். 2006 ஆகஸ்டில் பாதை மூடியபின் போர்முனையானது. போர் முடிந்தபின் எங்கும் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள்.

"போட் வைச்ச இடமெல்லாம் வெடி இருந்ததோ?" என்று அக்கா கேட்டா.

"இல்லையக்கா. சோதிக்காமல் கால் வைக்கக்கூடாது எண்டுதான் போட்."

அக்கா உறையைத் தடவினா. "அப்ப இதுவும் அப்பிடித்தான்."

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி வீதிக்கு நடந்தோம். டொக்டர் ஆறுதலாகச் சொன்னார்: எலும்பு மச்சைதான் இரத்தத்தை உண்டாக்குகிறது. வயது ஏற, செம்மச்சையில் ஒரு பகுதி கொழுப்பான மஞ்சள் மச்சையாகும். இரத்தம் குறைந்தால் அது மீண்டும் செம்மச்சையாகி வேலை செய்யும். ஸ்கானில் அதுவும் மாற்றமாகத் தெரியும். சில புற்றுநோய்களும் அப்படித் தெரியலாம். படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது.

காய்ச்சல், இரவு வியர்வை, மெலிவு உண்டா, மாதவிடாயில் எவ்வளவு இரத்தம் போகிறது என்று கேட்டார். இரத்தக் கலங்கள், இரும்புச்சத்து, புரதம் பார்க்க இரத்தம் எடுத்தார்கள். தேவைப்பட்டால் இடுப்பெலும்பில் விறைப்பூசி போட்டு மச்சை எடுத்துப் பார்ப்பார்களாம்.

அக்காவுக்கு அது தேவைப்படவில்லை. ஹீமோகுளோபின் 7.6. பெண்களுக்கு 12 ஆவது இருக்க வேண்டும். பல வருடமாக அதிக இரத்தப்போக்கு; வெட்கத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. இரும்புச்சத்து மாத்திரையும் பெண்நோயியல் கிளினிக்கும் கிடைத்தன. மூன்று மாதத்தில் 11.4 ஆனது.

சகோதரிகளே, எல்லோருக்கும் முடிவு இப்படி அமையாது. நோய் இருந்தாலும் முந்தி அறிவது நல்லது. றிப்போட்டை ஒளிக்காதீர்கள். "அடுத்த பரிசோதனை என்ன? எப்போது வரவேண்டும்?" என்று கேளுங்கள். உடலில் செல் துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ.க்கு முன்னரே சொல்லுங்கள். அதன் காந்தம் இரும்பை இழுக்கும்.

அரிசிப் பெட்டிக்குப் பின்னால் இப்போது ஒன்றுமில்லை. அக்காவின் கிளினிக் கொப்பி சாமிப் படத்தடியில் இருக்கிறது.