மாமா, ஒரு மெஷின் கன்!

''மாமா, டோக்கியோ போறீங்களாமே... எனக்கு ஒரு எம்.பி.5 வாங்கிட்டு வாங்க!''

கேட்டது அக்கா பையன். வயது 12. அந்த வயசில் நான் கேட்டது தீபாவளிக்கு ஒரு ரோல் கேப் துப்பாக்கி. நாலு கேப் வெடித்தால் ஐந்தாவது நமத்துப் போயிருக்கும். துப்பாக்கியைக் கடாசிவிட்டுக் கேப்பைக் கல்லால் தட்டி வெடிப்போம். இவன் மாடல் நம்பரோடு கேட்கிறான்!

ஆபீஸ் செலவில் ஐந்து நாள் ட்ரெய்னிங். சனிக்கிழமை லீவு. யாமனோதே லைன் ரயிலைப் பிடித்து அகிஹபராவில் இறங்கினேன். போருக்குப் பிறகு ரேடியோ உதிரிபாகம் விற்றுப் பெரிதான பேட்டை. இன்று காமிக்ஸ், பொம்மை, வீடியோ கேம் என்று மாடி மாடியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ரெண்டு பேர் நின்றால் மூச்சு முட்டும் ஒரு லிஃப்ட்டில் நாலாவது மாடிக்குப் போனேன்.

கதவு திறந்ததும் கைகள் தானாக மேலே போகப் பார்த்தன. சுவர் முழுக்கத் துப்பாக்கி!

எல்லாம் ஏர்சாஃப்ட். 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உருண்டையைக் காற்றால் தள்ளுகிற சமாசாரம். உள்ளே பாட்டரி, மோட்டார், பல்சக்கரம், ஸ்பிரிங், பிஸ்டன். கிட்டத்தட்ட சைக்கிள் பம்ப்தான்! டோக்கியோ மாருயி கம்பெனி 1991-ல் தன் முதல் எலெக்ட்ரிக் துப்பாக்கியை விட்டதிலிருந்து இதற்கென்றே ஒரு கூட்டம் உண்டு.

நான் தேடி வந்தது அதே கம்பெனி 2021-ல் வெளியிட்ட எம்.பி.5. அசல் ஜெர்மன்காரர்களுடையது, 1960-களில் பிறந்தது. நம்ம கறுப்புப் பூனைப் படை கையில் பார்த்திருப்பீர்களே, அது! கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். ஏறக்குறைய மூன்று கிலோ கனம். பொம்மை என்று கை நம்பவே மறுத்தது.

''சுட்டுப் பார்க்கிறீர்களா?'' என்றார், செல்போனின் மொழிபெயர்ப்புப் புண்ணியத்தில்.

பக்கத்திலேயே ரேஞ்ச். மூக்குக் கண்ணாடிக்கு மேல் ஒரு பெரிய கண்ணாடியை மாட்டிவிட்டார். அது இல்லாமல் உள்ளே விடமாட்டார்களாம். முன்னாலிருக்கும் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து ஒரு பள்ளத்தில் மாட்டி, மேகஸினைச் செருகி, கைப்பிடியை உள்ளங்கையால் ஓங்கித் தட்ட வேண்டும். 'க்ளாக்!' சினிமாவில் வருகிற அதே தட்டல். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் என் இன்க்ரிமென்ட் பாக்கி, வீட்டு லோன் எல்லாமே மறந்துபோயிற்று!

அழுத்தினேன். ஒவ்வொரு குண்டுக்கும் உள்ளே ஒரு எடை முன்னும் பின்னும் ஓடி, தோளை இடிக்கிறது. பழைய எலெக்ட்ரிக் துப்பாக்கிகள் தையல் மெஷின் மாதிரி கடகடக்கும், அவ்வளவுதான். இது உதைக்கிறது. குண்டு தீர்ந்தால் மோட்டார் தானாக நின்றுவிடுகிறது. மறுபடி மேகஸின், மறுபடி தட்டல். குழாயின் மேல்பக்கம் ஒரு ரப்பர், உருண்டையைப் பின்பக்கமாகச் சுழற்றி விடுகிறது. அதனால் சீக்கிரம் கீழே விழாமல் மிதந்து போகிறது. நம்ம ஸ்பின் பௌலர்கள் கவனிக்க.

'சக்தி எவ்வளவு?' என்று கேட்டேன். 0.98 ஜூலுக்குள். அதற்கு மேல் போனால் ஜப்பானில் அது பொம்மை இல்லை, சட்டப்படி குற்றம். 2005-ல் சில பேர் சக்தியைக் கூட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிற கார்களைச் சுட்டதால், அடுத்த வருஷமே சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். இந்த மாடலே 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான். அந்த 0.98-லேயே 0.2 கிராம் உருண்டை விநாடிக்குச் சுமார் 99 மீட்டர் வேகத்தில் கிளம்பும். கண்ணில் பட்டால் கண் போயிற்று.

விலை நம்ம பணத்தில் முப்பதாயிரத்தைத் தாண்டியது. பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஆசை அவனுக்கா எனக்கா என்று அப்போது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன் பெட்டியைப் பில் போட்டான். கடைக்காரர் அதை உள்ளே படம் தெரியாத கறுப்புப் பையில் போட்டு, அதையும் இன்னொரு பையில் போட்டு, வீட்டுக்குப் போகும்வரை பிரிக்கக் கூடாது என்று விரலை ஆட்டிச் சொன்னார். பையனும் எல்.கே.ஜி. குழந்தை மாதிரி தலையாட்டினான்.

எனக்குச் சுருக்கென்றது. 2014 நவம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் ஒரு பூங்கா. கையில் ஏர்சாஃப்ட் பிஸ்டலோடு ஒரு பையன். பொம்மை என்று காட்டும் ஆரஞ்சு முனை அதில் இல்லை. போலீஸ் கார் வந்து நின்ற இரண்டு விநாடிக்குள் சுட்டுவிட்டார்கள். மறுநாள் இறந்துபோனான். அவனுக்கும் வயது 12.

எங்கள் தெருமுனையில் ஒரு போலீஸ் பூத் இருக்கிறது. இவனோ டியூஷனுக்கு அந்த வழியாகத்தான் போகிறான். எதைக் கையில் கொடுத்தாலும் தெருவில் நாலு பேருக்குக் காட்டாமல் இருக்க மாட்டான். நான் மட்டும் என்ன, காட்டாமலா இருந்திருப்பேன்?

அப்புறம் சென்னை ஏர்போர்ட். 'இது விளையாட்டு சாமான் சார்' என்று கஸ்டம்ஸ் அதிகாரியிடம் நான் விளக்குவதைக் கற்பனை செய்து பார்த்தேன். அதில் அவர் சிரிக்கவே இல்லை.

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தேன். நான் சுட்ட காகித இலக்கைச் சுருட்டி ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தார் கடைக்காரர். போகிற போக்கில் ஒரு பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்கினேன்.

வீட்டில் சூட்கேஸைத் திறந்ததும் பாய்ந்து வந்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டான். அடித்துணி வரை துழாவினான். முகம் தொங்கிப் போயிற்று. ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தக் காகிதத்தை விரித்து, ஓட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினான்.

''எத்தனை சுட்டீங்க?''

''முப்பது.''

''மாமா... பத்தொன்பதுதான் இருக்கு. மீதி பதினொண்ணு எங்கே போச்சு?''