கோட்டூர்புரத்தில் ஒரு ஞாயிறு: பேசாத தம்பியும் ஒரு படப் புத்தகமும்

கிரீன்வேஸ் ரோடு ஸ்டேஷனைத் தாண்டி பறக்கும் ரயில் அடையாற்றைக் கடந்தபோது, அக்கா மகன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டான். 6 வயது. ஆட்டிசம் இருக்கிறது, பேச்சு இல்லை.

எதிர் சீட்டில் கீழ் வீட்டுச் சிறுமி, வயது 7. “ஏன்க்கா இவன் பேசவே மாட்டேங்கிறான்? எம்மேல கோபமா?”

“கோபமெல்லாம் இல்லடா, மூளை வேலை செய்யற விதத்துல...” என்று ஆரம்பித்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அடுத்த ஞாயிறு அவளுக்குப் பிறந்தநாள். ‘இவனைக் கூப்பிட வேண்டாம், விளையாட மாட்டான்’ என்று அவள் சொன்னது அக்கா காதில் விழுந்திருந்தது. இந்தப் பயணமே அதனால்தான்.

ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-ல் திறந்தது. பையை கவுன்ட்டரில் வைத்துவிட்டு முதல் தளம் போனால் குழந்தைகள் பிரிவு, அதில் ஒரு பெரிய செயற்கை மரம். காலையிலேயே போய்விடுங்கள், சத்தம் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்கு அதுதான் வசதி. நம்மாள் மரத்தை நான்கு சுற்று சுற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

சிறுமி ஒரு விலங்குப் படப் புத்தகத்தை எடுத்து, எழுத்துக்கூட்டி சத்தமாகப் படித்தாள். அவன் கவனிக்கவே இல்லை. திடீரென்று அவள் விரலைப் பிடித்து ஒரு படத்தின் மேல் வைத்தான்.

“யானை” என்றாள். விரல் அடுத்த படத்துக்கு நகர்ந்தது. “காக்கா.” அடுத்தது பூனை. அவளுக்குக் குறும்பு. “நாய்!” என்றாள்.

விரல் நகரவில்லை. அதே பூனையின் மேல் மறுபடி ஒரு அழுத்து.

“அக்கா, இவனுக்குத் தெரியுது!”

நான் ரயிலில் சொல்ல வந்து முடியாமல் போனது அதுதான். பேச்சு வராதது வேறு, புரியாதது வேறு.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, பையிலிருந்த ‘டாக்கிங் இஸ் நாட் மை திங்’ புத்தகத்தைப் பிரித்தோம். ரோஸ் ராபின்ஸ் எழுதி வரைந்தது, 2020-ல் வந்தது. ஆட்டிசம் பற்றிய கதைகள் பலவும் அண்ணனோ தங்கையோ சொல்வதாகவே இருக்கும். இதில் பேசாத சிறுமியே கதை சொல்கிறாள். பட அட்டைகளைக் காட்டி வேண்டியதைக் கேட்கிறாள். ‘பாவம், அன்பாக இரு’ என்று உபதேசிக்கும் புத்தகங்களைவிட இது எனக்குப் பிடித்தது.

“பேசாத பொண்ணு மனசுக்குள்ள இவ்ளோ பேசுதா?” என்றவள், அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

இதே கோட்டூர்புரத்தில்தான் 1985-ல் தொடங்கிய வித்யாசாகர் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன், அங்குள்ள குழந்தைகளோடு பழகித்தான் ‘ஆவாஸ்’ கருவியை உருவாக்கினார். படத்தைத் தொட்டால் அது குரலாக ஒலிக்கும். பிறகு டேப்லெட் செயலியாகவும் வந்தது, தமிழிலும் உண்டு. அக்கா அதில்தான் அவனைப் பழக்கிவருகிறாள்.

திரும்பும் ரயிலில் சிறுமி கேட்டாள்: “இதுல கேக் படம் இருக்கா அக்கா?”

தேடி எடுத்துக் கொடுத்தேன். சாக்லேட், வெனிலா இரண்டையும் வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். ஆற்றுப் பாலம் வந்தது. அவன் காதைப் பொத்தினான். டேப்லெட்டை மடியில் வைத்துக் காத்திருந்தாள். கை இறங்கியதும் நீட்டினாள்.

அவன் இரண்டையும் விட்டுவிட்டு வேறு பக்கத்துக்குப் போய் ‘தண்ணீர்’ படத்தைத் தொட்டான். பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை பொறுத்து, மறுபடி கேக் பக்கத்தைத் திறந்தாள்.