பேத்தியின் ஜியு-ஜிட்சு

நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் நாங்கள் தங்கியிருந்த மூன்று மாதமும், வாரத்தில் இரண்டு மாலை எனக்கும் என் மனைவிக்கும் ஒரு வேலை இருந்தது. பதினொரு வயதுப் பேத்தியின் ஜியு-ஜிட்சு வகுப்பு முடியும்வரை சுவரோரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கராத்தே போல இதில் குத்து, உதை கிடையாது. பிடிப்பதும் சாய்ப்பதும் தரையில் புரள்வதும்தான். நம் குஸ்தியில் தோள் இரண்டும் மண்ணில் பட்டால் ஆட்டம் முடிந்தது. இதில் அப்போதுதான் ஆரம்பம். மல்லாந்து கிடப்பவர் மேலே இருப்பவரைத் தன் இரண்டு கால்களுக்கு நடுவே கிடுக்கிபோல் மாட்டிக்கொண்டு மல்லுக்கட்டலாம். 'கார்டு' என்று இதற்குப் பெயர்.

மிட்சுயோ மயேடா என்ற ஜப்பானிய ஜூடோ வீரர் 1914-இல் பிரேசிலுக்குப் போனார். அவரிடம் கற்றவர் கார்லோஸ் கிரேசி. அவருடைய தம்பி ஹீலியோ ஒல்லியான ஆள். பலத்தை நம்ப முடியாதவர் நெம்புகோலை நம்பினார். கடப்பாரையால் கல்லைப் பெயர்க்கிறோமே, அதே கணக்குதான். எதிராளியின் ஒற்றைக் கையை நம் இரண்டு கால், இடுப்பு, முதுகு எல்லாம் சேர்ந்து வளைத்தால் பயில்வானாலும் தாங்காது.

தாங்காதபோது உள்ளங்கையால் இரண்டு மூன்று முறை தட்ட வேண்டும். தட்டிய நொடியே மற்றவர் விட்டுவிட வேண்டும். இந்த ஒரு விதி இருப்பதால்தான் தினமும் முழு பலத்தோடு மோதிவிட்டு, மறுநாள் முழு உடம்போடு பள்ளிக்கூடம் போக முடிகிறது.

1951-இல் மரக்கானா மைதானத்தில் கிமுரா என்ற ஜப்பானியர் ஹீலியோவின் கையை முறுக்கினார். எலும்பு முறிந்தும் ஹீலியோ தட்டவில்லை. அண்ணன் கார்லோஸ் துண்டை எறிந்து ஆட்டத்தை நிறுத்தினார். அந்தப் பிடிக்கு இன்றும் கிமுரா என்றுதான் பெயர். எல்லோரும் ஹீலியோவின் வீரத்தைப் பேசுகிறார்கள். எனக்கென்னவோ அண்ணன்தான் பெரியவராகத் தெரிகிறார்.

வகுப்பில் முதலில் விழப் பழகுகிறார்கள். பிறகு மல்லாந்தபடியே இடுப்பை இறால் மாதிரி மடக்கிப் பின்னுக்கு நகர்கிறார்கள். அப்புறம் ஒரே பிடியைத் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பது. கடைசியில் சில நிமிடம் நிஜ மோதல்.

முதல் நாளே ஒரு பெரிய பையன் பேத்தியின் மார்பில் ஏறி உட்கார்ந்துவிட்டான். என் மனைவி எழுந்தேவிட்டாள். பேத்தி இடுப்பை நகர்த்தி வெளியே வந்தாள். அடுத்த சுற்றில் கை மாட்டிக்கொண்டது. தட்டினாள், அவன் விட்டான், இருவரும் கைகொடுத்துச் சிரித்தார்கள்.

காரில் ஏறியதும் ஆரம்பித்தது. "பொண் குழந்தை தரையில உருளற விளையாட்டா இது? நிறுத்திட்டு பரதநாட்டியத்துல சேர்த்து விடு."

மகள் வண்டியை எடுக்காமலே சொன்னாள்: "அம்மா, விடுன்னு சொல்ல அவ கூச்சப்படக் கூடாது. சொன்னதும் அந்தப் பையன் விடணும். இங்க ரெண்டு பேரும் அதைத்தான் கத்துக்கறாங்க."

வீடு வரும்வரை யாரும் பேசவில்லை. வகுப்பும் நிற்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் மனைவியின் முதல் கேள்வியே இதுதான்:

"இந்த வாரம் எத்தனை தடவை தட்டினே?"

"நாலு, பாட்டி. ஆனா அந்தப் பெரிய பையனை ஒரு தடவை தட்ட வச்சேன்."

"எந்தக் கை?" என்றாள், முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே.