கதையை நகர்த்துவது யார்?

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர். நடுவில் பகடைகள், பென்சில், காகிதம். ஒருவர் ஒரு கற்பனை உலகத்தை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நுழைந்து, "நான் கதவை உடைக்கிறேன்", "நான் காவலனிடம் பேசிப் பார்க்கிறேன்" என்று முடிவெடுப்பார்கள். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தொடங்கி வைத்த இந்த விளையாட்டு வகைக்கு 'ரோல் பிளேயிங் கேம்' என்று பெயர். ஒரு கதை ஒரே இரவில் முடியாது. வாரம் ஒருமுறை கூடி, மாதக் கணக்கில், சில குழுக்களில் வருடக் கணக்கில் கூட நீளும். அந்தத் தொடர்கதையைத்தான் 'கேம்பெயின்' என்கிறார்கள்.

உலகத்தை விவரிக்கும் கேம் மாஸ்டர் எல்லாவற்றையும் தானே கற்பனை செய்ய வேண்டியதில்லை. வரைபடம், நகரங்கள், அரசர்கள், பழைய பகைகள் எல்லாம் புத்தகமாகவே கிடைக்கின்றன. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. புத்தகம் போடும் நிறுவனம் அந்த உலகத்தின் கதையைத் தானும் நகர்த்திக்கொண்டு போகிறது. புது நாவல், புது பதிப்பு, புது போர்... விளையாடுபவர்கள் இதை 'மெட்டாபிளாட்' என்பார்கள். ஒரே உலகத்தில் இரண்டு கதைகள் ஓடினால் எது உண்மை?

1991-ல் டி.எஸ்.ஆர். நிறுவனம் வெளியிட்ட 'டார்க் சன்' இதற்கு நல்ல உதாரணம். ஆதாஸ் என்ற பாலைவன உலகம். மந்திரத்தைக் கண்டபடி பயன்படுத்தியதில் பச்சை எல்லாம் கருகிவிட்டது. இரும்புக்குத் தட்டுப்பாடு, எலும்பிலும் கல்லிலும் செய்த ஆயுதங்கள்தான். நகரங்களை மந்திரவாதி மன்னர்கள் ஆள்கிறார்கள். டைர் நகரத்து மன்னன் கலாக் அடிமைகளை வதைத்து ஒரு பிரம்மாண்டமான படிக்கோபுரம் கட்டிக்கொண்டிருக்கிறான். இதைப் படிக்கும் யாருக்கும் முதலில் வரும் ஆசை, "இவனை ஒழித்துக் கட்ட வேண்டும்" என்பதுதான்.

ஆனால் அதே 1991-ல் வந்த டிராய் டென்னிங்கின் நாவலில் கலாக் செத்துப் போகிறான். கொன்றவர்கள் நாவலின் நாயகர்கள். கூடவே வந்த 'ஃப்ரீடம்' என்ற சாகசப் புத்தகத்தில் விளையாடுபவர்கள் டைர் நகரத்து அடிமைகள். மன்னன் மேல் ஈட்டி பாயும் நாளில் அவர்களும் அரங்கத்தில்தான் இருக்கிறார்கள். ஆனால் ஈட்டியை எறிவது நாவலின் நாயகன் ரிகஸ்! விருந்துக்கு அழைத்துவிட்டு, அடுத்த இலைக்காரர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்ன கதைதான். 1993-க்குள் ஐந்து நாவல்கள் முடிந்தபோது மந்திரவாதி மன்னர்கள் பலரும், உலகமே நடுங்கிய டிராகனும் ஒழிந்துவிட்டார்கள். 1995-ல் வந்த திருத்திய பதிப்பு அந்த மாற்றங்களின் மேல்தான் எழுதப்பட்டது.

"பிடிக்காவிட்டால் விட்டுவிட வேண்டியதுதானே? உங்கள் வீட்டு மேசைக்கு நிறுவனத்துக்காரர் வந்து சட்டம் பேசப் போகிறாரா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பல கேம் மாஸ்டர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அது இலவசமாகக் கிடைப்பதில்லை. ஒரு குழு இரண்டு வருடம் திட்டமிட்டு, இரண்டு நண்பர்களின் பாத்திரங்களைப் பலி கொடுத்து, உரிக் நகரத்து மன்னன் ஹமானுவை வீழ்த்தியதாக வைத்துக்கொள்வோம். அடுத்து வரும் புத்தகத்தில் ஹமானு அதே சிம்மாசனத்தில் அமர்ந்திருப்பான். அவர்கள் நெருங்கவே அஞ்சிய டிராகன் செத்திருக்கும். அதற்குப் பின் வாங்கும் ஒவ்வொரு புத்தகத்தையும் கேம் மாஸ்டர் பென்சிலோடு உட்கார்ந்து திருத்த வேண்டும். நாவல்களைப் படித்துவிட்டுப் புதிதாகச் சேரும் நண்பர், "இவன் எப்போது செத்தான்?" என்று கேட்பார். அந்தக் கேள்வியில் இரண்டு வருட உழைப்பு 'தவறான தகவல்' போல ஆகிவிடுகிறது. வலிப்பது அங்கேதான்.

விதிமுறை மாறினாலும் கதையை வளைப்பார்கள். 1989-ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது 'அசாசின்' என்ற கொலையாளி வகுப்பு விதிகளிலிருந்து நீக்கப்பட்டது. 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' உலகத்தில் அதற்கு ஒரு காரணம் வேண்டுமே! கடவுள்கள் பூமிக்கு வந்து மோதிக்கொண்ட கதையில், கொலையாளிகள் எல்லோரும் ஒட்டுமொத்தமாகச் செத்தார்கள். 2008-ல் நான்காம் பதிப்புக்காக அதே உலகம் ஏறக்குறைய நூறு வருடம் முன்னே தள்ளப்பட்டது. பல குழுக்கள் பழகிய விடுதிக்காரர், எதிரி, காதலி எல்லோரும் ஒரே பாய்ச்சலில் மண்ணுக்குள். 2013-ல் தொடங்கி ஆறு எழுத்தாளர்களின் ஆறு நாவல்கள் மூலம் கதையைத் திருப்பி, 2014-ன் ஐந்தாம் பதிப்பில் இறந்த தெய்வங்கள் பலரை மீண்டும் கொண்டுவந்தார்கள்.

நிறுவனங்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. எதுவுமே மாறாத உலகத்துக்கு எத்தனை புத்தகம் விற்க முடியும்? விளையாட ஆள் கிடைக்காதவர்கள் பலர் இந்தப் புத்தகங்களைத் தொடர்கதையாகவே ரசிக்கிறார்கள். நகரும் கதை நல்ல தீனியாகவும் இருக்கலாம். 1977-ல் வந்த 'ட்ராவலர்' என்ற விண்வெளி விளையாட்டுக்காக நடத்தப்பட்ட இதழில், கற்பனைப் பேரரசின் செய்திகள் தேதி போட்டு நாளிதழ்த் துணுக்குகளாக வந்தன. எங்கோ போர்ப் பதற்றம், எங்கோ ஒரு கப்பல் மாயம். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாதவர் விடலாம்.

அதே விளையாட்டு 1987-ல் பேரரசர் ஸ்ட்ரெபானைக் கொன்று பேரரசையே உள்நாட்டுப் போரில் தள்ளியது. 1993-ல் ஒரு கணினி வைரஸ் மிச்சமிருந்த நாகரிகத்தையும் அழித்தது. 1996-ல் நிறுவனமே மூடப்பட்டது. 1998-ல் வேறொரு நிறுவனம் வெளியிட்ட 'கர்ப்ஸ் ட்ராவலர்' என்ன செய்தது தெரியுமா? அந்தக் கொலை நடக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு தொடங்கியது! 'டார்க் சன்' கூட 2010-ல் திரும்பி வந்தபோது, கலாக் இறந்த கையோடு கதையை நிறுத்திக்கொண்டது. மற்றவர்களின் விதி மேசைகளுக்கே விடப்பட்டது.

2004-ல் கீத் பேக்கர் உருவாக்கி வெளிவந்த 'எபெரான்' இந்தப் பாடத்தை முதலிலேயே கற்றிருந்தது. சயர் என்ற நாடு ஒரே நாளில் அழிந்தது. பெரும் போர் முடிந்து இரண்டே வருடம். அந்த உலகத்தின் கணக்கில் ஆண்டு 998. 2009-லும் 2019-லும் புதிய பதிப்புகள் வந்தன. அங்கே இன்னும் 998 தான். சயரை அழித்தது எது என்று எந்த அதிகாரபூர்வப் புத்தகமும் சொல்வதில்லை. விடை ஒவ்வொரு மேசையிலும் வேறு. எல்லாமே சரியான விடை.

நிறுவனம் போரின் விளிம்பு வரை கதையைக் கொண்டுவந்து விடட்டும். அதற்குமேல் அந்த ஈட்டியை எறிய வேண்டியவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அந்த நான்கைந்து பேர்தான். குறி தப்பினாலும் பரவாயில்லை. அது அவர்கள் கை எறிந்ததாக இருக்க வேண்டும்.