ஹெட்லைட் பல்ப் அடிக்கடி போகிறதா?

‘வண்டியைக் கிளப்பினாலே ஹெட்லைட் எரிகிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு பல்ப் போகிறது. பகலில் அணைக்கத் தனியாக சுவிட்ச் போடலாமா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். எனக்கும் அதே தொல்லை இருந்ததால் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

மணிமங்கலத்திலிருந்து முடிச்சூர் வழியாக மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்கு மொபெட்டில் தினமும் கீரைக்கட்டு ஏற்றிப் போகிறவன் நான். நாலரை மணிக்குக் கிளம்பினால் திரும்பும்போது நல்ல வெயில். 2017 ஏப்ரல் 1 முதல் தயாராகும் இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட் தானாகவே எரிய வேண்டும் என்பது அரசு விதி. ஐரோப்பாவில் இது 2003-லேயே வந்துவிட்டது. எதிரே வருகிறவர் கண்ணில் நாம் படவேண்டும், அவ்வளவுதான் நோக்கம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் பக்கம் கன்டெய்னர் லாரி இன்னொன்றை முந்திக்கொண்டு நம் பக்கம் ஏறும்போது, மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நம்மை அந்த டிரைவருக்குக் காட்டுவது அந்த விளக்குதான். அதனால் சுவிட்ச் யோசனை வேண்டாம்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஹாலோஜன் பல்புக்குச் சில நூறு மணி நேரம் ஆயுள் உண்டு. எனக்குப் போக வர ஒன்றரை மணி நேரம்; மாதம் 45 மணி. இரண்டு மாதத்தில் 90 மணி நேரம்தான் ஆகிறது. அதற்குள் பல்ப் போனால், பகலில் எரிவதால் போகவில்லை, வண்டியில் வேறு ஏதோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் ஊர் மெக்கானிக் தம்பி மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்து ஆக்ஸிலேட்டரைத் திருகினார். 15.6 வோல்ட் காட்டியது. பதினாலு, பதினாலரையில் நிற்க வேண்டும். ரெகுலேட்டர் போயிருந்தது. வோல்டேஜ் நூற்றுக்கு ஐந்து கூடினாலே பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். வெளிச்சம் என்னவோ பளிச்சென்று இருக்கும். அதைப் பார்த்து சந்தோஷப்படாதீர்கள். புது பல்ப் வாங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். பேட்டரி முனை, எர்த் ஒயர் இரண்டிலும் பச்சை பூத்திருந்தால் சுரண்டி இறுக்கச் சொல்லுங்கள். நம் வண்டியில் கீரைத் தண்ணீர் சொட்டுகிறது, உர மூட்டை ஏறுகிறது. துரு சீக்கிரம் பிடிக்கும்.

அடுத்தது அதிர்ச்சி. ஹேண்டில்பாரில் பையை மாட்டிக்கொண்டு குழியில் இறக்கினால் ஹெட்லைட் மொத்தமும் ஆடும். சூடாக இருக்கும் இழை அறுந்துவிடும். முன்னால் வைக்கும் மூட்டை கழுத்துப் பக்கத்து ஒயரை அழுத்தாமலும் பாருங்கள்.

மார்க்கெட்டிலிருந்து வந்ததும் பம்புசெட் தண்ணீரைப் பீய்ச்சி வண்டி கழுவுகிறோமே, அதுவும் ஆகாது. விளக்கு ஆறட்டும். ரப்பர் மூடி கிழிந்திருந்தால் ஈரம் உள்ளே போய்விடும். போன பல்பின் கண்ணாடிக்குள் வெள்ளையாகப் புகை படிந்திருந்தால், விரிசல் வழியே காற்று புகுந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

புது பல்பின் கண்ணாடியில் விரல் படவே கூடாது. கையிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் மட்டும் அதிகமாகச் சூடாகி கண்ணாடி பலவீனமாகும். உலோக அடிப்பகுதியைப் பிடித்து மாட்டுங்கள். பட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட சுத்தமான துணியால் துடைக்கலாம்.

35 வாட் இடத்தில் 60 வாட் பல்பை நுழைத்துக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஹோல்டர் உருகும், பேட்டரியும் இறங்கும். கடையில் தள்ளிவிடும் எல்.இ.டி. பல்பும் வேண்டாம், ஹாலோஜனுக்கான கிண்ணத்தில் அது வெளிச்சத்தைச் சிதறடித்து எதிரே வருகிறவர் கண்ணைக் கூசச் செய்யும்.

ரெகுலேட்டர் மாற்றியபின் போட்ட பல்ப் பதினாலு மாதமாக எரிகிறது. இன்னொன்றைப் பெட்டி பிரிக்காமல் துணியில் சுற்றி சீட்டுக்கடியில் வைத்திருக்கிறேன்.