அளவுக்குக் கூலி இல்லை

பழைய வீட்டின் தலைவாசல் கதவை மாற்றும் வேலையில் மிகக் கடினமானது அளவெடுப்பதுதான் என்பது என் கட்சி. அறுப்பதற்கும் இழைப்பதற்கும் காடி போடுவதற்கும் இன்று பட்டறைகளில் மெஷின் வந்துவிட்டது. நாற்பது வருஷத்துக்கு முன் யாரோ நிறுத்திய நிலைக்கு முன்னால் நின்று, அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு முறுக்கியிருக்கிறது, அந்தக் கோணலில் எவ்வளவைக் கதவு ஏற்பது, எவ்வளவை நிலை ஏற்பது என்று முடிவு செய்ய எந்த மெஷினும் இல்லை. ஆனால் பட்டறையில் எழுதிக் கொடுக்கிற கணக்குச் சீட்டில் மரத்துக்குக் கன அடி விலை இருக்கும், கூலி இருக்கும், கீல், தாழ்ப்பாள், பாலிஷ், வண்டி வாடகை வரை இருக்கும். அளவெடுத்ததற்கென்று ஒரு வரி இருக்காது. பட்டறைகளிலும் வேலை நடக்கிற வீடுகளிலும் கவனித்ததில், ஐப்பசி மழையில் கதவுகள் உரசுவதற்கும் அந்த விடுபட்ட வரிக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்றே எனக்குப் படுகிறது.

புது வீட்டில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. நிலையும் கதவும் ஒரே கையில் உருவாகின்றன. நிலை நிற்கும்போதே தூக்குக்குண்டு விட்டுச் சரிபார்க்கலாம். தவறினால் பூச்சுக்கு முன் திருத்திக்கொள்ளலாம். கதவை மட்டும் மாற்றுகிற வீட்டில் நிலை ஏற்கெனவே தீர்ந்துபோன வழக்கு. அதைப் பெயர்த்தால் பூச்சு உடையும், சுவருக்குள் போன கிளாம்ப்பை வெட்ட வேண்டும், தரைக் கல் பெயரும். செலவைவிடப் பெரிய தடை நம்பிக்கை. மஞ்சள் குங்குமம் இட்டு, நாள் பார்த்து, பூசை போட்டு வைத்த நிலையை அசைக்கக் கூடாது என்று பெரும்பாலான குடும்பங்கள் உறுதியாக இருக்கின்றன. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட நான் தயாரில்லை. நல்ல தேக்கு நிலை கதவைவிட அதிக காலம் உழைக்கும் என்பதும் உண்மைதானே. ஆக, புதுக் கதவு பழைய நிலைக்குப் பணிந்துதான் ஆக வேண்டும். அந்த நிலையோ வைத்த நாளில் இருந்தபடி இல்லை. கால்களின் அடியில் கரையான் தின்றிருக்கும், சுவர் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். மொசைக் தரைமேல் டைல்ஸ் ஒட்டியதில் உள்ளே தரை ஓர் அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கும். சென்னையில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. சாலையைச் சுரண்டாமல் தார்மேல் தார் போட்டதால் தெரு உயர, வீட்டுக்காரர்கள் வாசற்படியையும் உயர்த்தினார்கள். சுரண்டிவிட்டுத்தான் சாலை போட வேண்டும் என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். அதற்குள் எத்தனையோ தெருக்களில் படி உயர்ந்துவிட்டது, கதவின் உயரம் குறைந்துவிட்டது.

அளவெடுப்பது என்றால் டேப்பை நீட்டி அகலமும் உயரமும் எழுதிக்கொள்வது என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். தேர்ந்த ஆசாரி, நிலையில் கதவு படிகிற பள்ளமான காடிக்குக் காடி மேலே, நடுவே, கீழே என அகலம் பார்ப்பார்; இரண்டு கால்களிலும் தனித்தனியாக உயரம் பார்ப்பார். அதோடு நிறுத்தினாலும் ஏமாறுவார். 40 அங்குல அகலமும் 80 அங்குல உயரமும் உள்ள ஒரு நிலையில் இரண்டு கால்களும் ஒரே பக்கமாக, மேலே அரை அங்குலம் சாய்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மேல், நடு, கீழ் மூன்று அகலமும் 40 அங்குலமாகவே வரும். மூலைக்கு மூலை டேப் பிடித்தால்தான் ஒரு குறுக்களவு மற்றதைவிட ஏறக்குறைய மூன்றரை நூல் கூடுதல் என்று தெரியும். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். கதவுக்கும் காலுக்கும் இடையே விடுகிற சந்தே ஒரு நூல்தான் என்னும்போது மூன்றரை நூல் பெரிய தொகை. நேர்க்கோணக் கதவைச் செய்து, காலின் சாய்வோடு சாய்த்து மாட்டினால் மேலே ஒரு மூலை முட்டும், மறு மூலையில் இரண்டு நூல் வாய் பிளக்கும். நிமிர்த்தி மாட்டினால் கதவின் அகலத்தில் அரை அங்குலம் போய்விடும். இரண்டில் எது குறைந்த கேடு, அல்லது கதவின் மேல்விளிம்பையே கோணலாக வெட்டுவதா, காடியில் ரீப்பர் அடித்து நிலையை நேராக்குவதா என்பதை டேப் சொல்லாது.

அகலம், உயரத்துக்கு அப்பால் முறுக்கு இருக்கிறது. இதுதான் மிகவும் ஏமாற்றும். நிலையின் முகத்தில் மூலைக்கு மூலை இரண்டு கயிறுகளைக் குறுக்காக இழுத்துக் கட்டினால், நடுவில் அவை லேசாகத் தொட வேண்டும். இடைவெளி தெரிந்தால், நாலாவது மூலை அதைப்போல இரண்டு மடங்கு மற்ற மூன்று மூலைகளின் தளத்தை விட்டு விலகியிருக்கிறது. தட்டையான கதவை அதில் மாட்டினால் மேலே காடியில் படிந்து கீழே படியாமல் நிற்கும். கதவைத் தோளால் அழுத்தித்தான் தாழ்ப்பாள் போட வேண்டியிருக்கும். பிறகு காடியின் ஆழம். பழைய கதவு ஒன்றேகால் அங்குலக் கனம், புதுசு ஒன்றரை அங்குலம் என்றால் கதவு நிலையை விட்டுத் துருத்தும், பழைய கீல் பள்ளங்கள் உதவாது. எடையும் கணக்கில் வர வேண்டும். 40க்கு 80 அங்குல அளவில் ஒன்றரை அங்குலத் திண்மையான தேக்குக் கதவு ஏறத்தாழ 50 கிலோ. அடி மக்கிப்போன காலில் அந்தச் சுமையைக் கீல்கள் எங்கே பிடித்துக்கொள்ளும்? கடைசியாக, கதவு திறந்து போகிற பாதை நெடுகத் தரையின் ஏற்ற இறக்கம். நம் தலைவாசல் கதவுகள் உள்நோக்கித் திறப்பவை. வாசலில் சரியாக நிற்கும் கதவு, பாதி திறந்ததும் டைல்ஸில் உராய்வது இதைப் பார்க்காததால்தான்.

இவ்வளவும் பார்த்த பிறகு பருவம் பார்க்க வேண்டும். மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது. அகலவாக்கில் ஈரம் குடித்து விரியும், காய்ந்து சுருங்கும். இந்த அசைவு குறைவாக இருப்பதுதான் தேக்குக்கு உள்ள பெருமைகளில் ஒன்று. ஆனாலும் 40 அங்குல அகலத்துக்குப் பலகைகளை ஒட்டிச் செய்த தேக்குக் கதவில் ஈரப்பதம் 4 சதவீதம் ஏறினால் இரண்டு நூலுக்கு மேல் விரியக்கூடும். சட்டம் போட்டு, பலகையைக் காடிக்குள் இறுக்காமல் விட்ட பேனல் கதவில் இரண்டு பக்கச் சட்டங்களின் அகலம் மட்டுமே கணக்கு. அரை நூல்தான் வரும். ஆக, சித்திரையில் எடுத்த அளவுக்கும் கார்த்திகையில் எடுத்த அளவுக்கும் விடவேண்டிய சந்து ஒன்றல்ல. எந்த வகைக் கதவு என்று முடிவாகாமல் அளவே முடிவாகாது.

பழைய கதவையே கழற்றி அதன் அளவில் செய்துவிட்டால் என்ன என்று கேட்பார்கள். பழைய கதவு அதன் ஆயுளில் எத்தனை முறை இழைக்கப்பட்டது என்று யாருக்குத் தெரியும்? மாற்றுகிறோம் என்றாலே அது ஒத்துவரவில்லை என்றுதான் பொருள். இன்னொரு கேள்வி கொஞ்சம் வலுவானது. எப்படியும் மாட்டும்போது இழைத்துச் சரிசெய்யத்தானே போகிறார்கள், அரை அங்குலம் கூட்டிச் செய்தால் போதாதா? மரக் கதவுக்கு ஓரளவு சரிதான். ஆனால் ஒரு பக்கச் சட்டத்தில் மட்டும் அரை அங்குலம் இழைத்தால் கதவின் முகம் கோணும். அதைக் கீல் பக்கம், பூட்டுப் பக்கம் என்று பிரிப்பதானால் முதலிலேயே சட்டத்தை அகலமாக விட்டிருக்க வேண்டும். அதற்கு அளவெடுக்கும்போதே கோணல் தெரிந்திருக்க வேண்டும். ஃபிளஷ் கதவில் ஓரச் சட்டத்தைத் தாண்டி இழைக்க முடியாது. இரும்புக் கதவிலும் யுபிவிசியிலும் இழைப்புளிக்கே வேலை இல்லை. நவீனக் கதவுகள் வந்தால் ஆசாரியின் அளவு தேவைப்படாது என்பது தலைகீழான நம்பிக்கை. பட்டறையில் மன்னிக்கப்பட்ட பிழையை ஃபேக்டரி மன்னிப்பதில்லை. அதோடு அலகு மாறும் ஆபத்து வேறு. மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்தது 1956இல். தச்சு வேலை இன்னும் அங்குலத்திலும் நூலிலும்தான் நடக்கிறது. ஃபேக்டரி மில்லிமீட்டரில் கேட்கும்போது அங்குலத்துக்கு 25 என்று வாய்க்கணக்குப் போட்டால் 39 அங்குலக் கதவில் 15 மி.மீ.க்கு மேல் காணாமல் போகும். லேசர் கருவி தூரத்தைத் துல்லியமாகச் சொல்லும். எங்கே வைப்பது என்பதை அது சொல்வதில்லை.

அளவுக்குத் தனியாகப் பணம் கேட்டால் ஆள் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார் என்று தச்சர்களே சொல்கிறார்கள். பயம் நியாயமானது. ஆனால் வந்து பார்த்ததற்கே ஏசி மெக்கானிக்குக்குக் கட்டணம் கொடுக்க நகரங்களில் பழகிவிட்டார்கள். பணம் வாங்கினால் பதிலுக்கு ஒரு தாள் கொடுக்க வேண்டும்: அகலங்கள், உயரங்கள், குறுக்களவுகள், முறுக்கு, காடி ஆழம், கீல் இடம், அளவெடுத்த தேதி. அந்தத் தாளோடு வேறு பட்டறைக்குப் போகிறவர் போகட்டுமே. உழைப்புக்குக் காசு வந்துவிட்டது. இப்போது நடப்பது வேறு. பட்டறையின் மூத்த ஆசாரி வேலைக்கு நடுவே வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் ஐந்து நிமிஷத்தில் திரும்புகிறார். நாள் கூலிக்கு இருக்கிற கையாளை அழைத்துப் போனால் பட்டறையில் வேலை நிற்கும், அந்த நேரத்துக்குக் கூலி தர யாரும் இல்லை. அதனால் இளைஞர்கள் மெஷினில் கை தேர்ந்துவிடுகிறார்கள். கயிறு கட்டி முறுக்குப் பார்க்கவோ, சாய்ந்த காலுக்கு எந்தப் பக்கச் சட்டத்தை அகலமாக விடுவது என்று முடிவெடுக்கவோ அவர்களுக்கு வாய்ப்பே வருவதில்லை.