ஆகிலாவும் பாலிசித் தாளும்



மதரஸாவில் ஃபிக்ஹ் நடத்துவோருக்குத் தியத் பாடம் எப்போதும் சற்று அந்நியமானதே. தொழுகை, நோன்பு, ஜகாத் என்று அன்றாடம் கைக்கொள்ளும் பாடங்களில் கேள்விமேல் கேள்வி கேட்கும் மாணவர்கள், இன்ன காயத்திற்கு இத்தனை ஒட்டகம் என்ற பக்கங்கள் வந்ததும் கொட்டாவி விடுவார்கள். நானும் பல ஆண்டுகள் அந்தப் பக்கங்களை வேகமாகவே கடந்து வந்தேன். 2023 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு, அவற்றை முதல் எழுத்திலிருந்து நானே மீண்டும் ஓத வேண்டியதாயிற்று.

கார் வாங்கி இரண்டு மாதமே ஆகியிருந்தது. பழைய கார், எங்கள் வீட்டுக்கு முதல் கார். உம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்லப் பேருந்துக்கு நிற்க வேண்டாம் என்பதற்காக வாங்கியது. அன்று பட்டுக்கோட்டையில் மதரஸாவுக்கு வேண்டிய நோட்டுப் புத்தகங்களை வாங்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். இருக்கையில் கிடந்த கைபேசி ஒலித்தது. எடுக்கவில்லை, யார் என்று மட்டும் பார்த்தேன். தலை நிமிர்ந்தபோது, இளநீர்க் குலைகள் தொங்கிய மிதிவண்டி ஒன்று என் காரின் முன்பக்கத்தில் இருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு வந்த பெரியவர் சாலையில் கிடந்தார்.

அவர் இடது ஓரமாகத்தான் வந்துகொண்டிருந்தார். ஓரத்தில் கொட்டிக் கிடந்த மணலைச் சுற்றுவதற்காகச் சற்று வலப்பக்கம் விலகினார். அவர் விலகினார் என்பது உண்மை. நான் பார்க்கவில்லை என்பதும் உண்மை. இந்த இரண்டில் எதைச் சொல்வது என்பதுதான் அடுத்த ஒன்றரை ஆண்டு என்னுடன் கூடவே வந்த கேள்வி.

கூட்டம் கூடியது. எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் அங்கே வண்டியை நிறுத்தினார். "ஹஜ்ரத், நீங்க கிளம்புங்க, நாங்க பார்த்துக்கிறோம்" என்றார். அன்பினால் சொன்னார். 108க்கு அழைத்து, வண்டி வந்து, அவரை ஏற்றும்வரை அங்கேயே நின்றேன். காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும் காவல்துறைக்குத் தெரிவிப்பதும் மோட்டார் வாகனச் சட்டப்படி ஓட்டுநரின் கடமை என்பது அப்போது எனக்குத் தெரியாது. கால் நகரவில்லை, அவ்வளவுதான். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக வழங்கும் தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் நடைமுறையில் இருந்ததால், அன்றிரவு பணத்துக்காக அவருடைய மனைவி யாரிடமும் கையேந்த வேண்டியிருக்கவில்லை. உயிர் போயிருந்தால்? சூரத்துந் நிஸாவின் 92ஆம் வசனம் விதிக்கும் இரண்டு மாதத் தொடர் நோன்பு என்மேல் கடமையாகியிருக்கும். கொல்லப்பட்டவர் முஸ்லிமல்லாதவராய், நம்மோடு உடன்படிக்கையுள்ள மக்களைச் சேர்ந்தவராய் இருப்பினும் அக்கடமை உண்டு என்பதை அந்த வசனமே சொல்கிறது. அன்றிரவு அந்த எண்ணத்தில் உறக்கம் வரவில்லை.

மறுநாள் ஜுமுஆவுக்குப் பிறகு பெரியவர்கள் எங்கள் வீட்டில் கூடினார்கள். என் மச்சான் கணக்கை முடித்தே கொண்டு வந்திருந்தார்: இருபதாயிரம் கொடுப்பது, வழக்கு வேண்டாம் என்று எழுதி வாங்குவது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பெரியவரின் மகனும் அதற்கு இசைந்துவிட்டாராம். எனக்கும், உண்மையைச் சொன்னால், அது ஆறுதலாகவே இருந்தது. மதரஸா ஆசிரியர் காவல்நிலையத்தில் நிற்பதை மாணவர்கள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன்.

பள்ளியில் எங்களோடு தொழும் ஒருவர், நீதிமன்ற எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், அதுவரை வாய் திறக்காமல் இருந்தார். பிறகு கேட்டார்: "அந்த மனுசன் ஆறு மாசம் எழுந்திருக்க மாட்டார். இருபதாயிரம் எத்தனை நாளைக்கு?" தொடர்ந்து அவர் விளக்கியதை அங்கிருந்த எவரும் முன்பு கேட்டதில்லை. ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் விதித்திருப்பதே சாலையில் அடிபடும் இப்படிப்பட்டவருக்காகத்தான். முதல் தகவல் அறிக்கை இல்லாவிட்டால், விபத்து நடந்தது என்பதையே தீர்ப்பாயத்தில் நிறுவுவது அவருக்குப் பெரும்பாடாகிவிடும். அதிலும் 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம், ஆறு மாதத்திற்குள் மனுச் செய்ய வேண்டும் என்று வரம்பு வைத்துவிட்டது. நாம் 'பேசி முடிப்பது' என்று பெருமையாகச் சொல்வது, பல வேளைகளில் எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருடைய உரிமையைச் சில்லறை விலைக்கு வாங்குவதாகிவிடுகிறது. இதை எழுதும்போது என் மச்சான் மீது எனக்குக் கோபமில்லை. அந்த அறையில் இருந்த அனைவரும் அப்படியே பழகியவர்கள்.

அன்று மாலை நானே காவல்நிலையம் சென்றேன். இந்திய தண்டனைச் சட்டம் 279, 338 பிரிவுகளில் வழக்குப் பதிவாயிற்று. காரை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்வையிட்டார். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்தேன். அப்போதுதான் என்னுடைய இன்னொரு அலட்சியம் வெளிப்பட்டது. கார் என் பெயருக்கு மாறியிருந்தது, பாலிசி மாறவில்லை. வாகனம் கைமாறினால் மூன்றாம் நபருக்கான காப்பீடு சட்டப்படி கூடவே மாறியதாகக் கருதப்படும் என்பதால் பெரியவரின் உரிமைக்குக் குறையில்லை. ஆனால் 14 நாட்களுக்குள் விண்ணப்பித்துப் பெயரை மாற்றிக்கொள்ளாததால், என் காரின் சேதத்துக்கு எதுவும் கிடையாது. பழுது பார்த்தவர் ஒரு வழி சொன்னார்: விற்பனைத் தேதியைத் தள்ளிப் போட்டு, பழைய உரிமையாளர் பெயரிலேயே கோரிக்கை வைக்கலாமாம். பழைய உரிமையாளரும் மறுக்கமாட்டார், நல்ல மனிதர். முப்பத்தெட்டாயிரம் ரூபாய் என் கையிலிருந்து போயிற்று. பழைய கார் வாங்குவோர், ஆர்.சி. புத்தகத்தை மாற்றும் அன்றே பாலிசியையும் மாற்றிவிடுங்கள்.

இங்கே சிலர் கேட்பார்கள்: வணிகக் காப்பீடு கூடாது என்று வகுப்பில் சொல்லும் நீங்கள் அதன் பணத்தை நாடலாமா? நான் சொல்லிவந்தது உண்மைதான். 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, வணிகக் காப்பீட்டு ஒப்பந்தத்தைத் தடுத்து, கூட்டுறவு முறையிலான காப்பீட்டை அனுமதித்தது. எனினும் சட்டம் கட்டாயமாக்கியதை நிர்ப்பந்தம் என்ற அடிப்படையில் ஏற்கலாம் என்று ஆலிம்கள் பலர் கூறியிருக்கிறார்கள். மேலும் அந்தப் பணம் எனக்கு வருவதன்று. என்னால் கால் முறிந்தவருக்குப் போவது. அவருக்கு உரியதை என் பேணுதலின் பெயரால் நான் தடுக்க முடியாது.

என்னை உண்மையில் தடுமாற வைத்தது வேறொன்று. பாலிசித் தாளைப் பொடி எழுத்துவரை படித்தபோது ஒரு நிபந்தனை கண்ணில் பட்டது. நிறுவனத்தின் எழுத்து மூலமான சம்மதமின்றிக் காப்பீடு செய்தவர் தம் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, வாக்குறுதி தரவோ, பணம் கொடுக்கவோ கூடாது. அதைக் கண்டு கொதித்தேன். செய்த தவறை ஒப்புக்கொள்ளாதே என்று ஒரு முஸ்லிமிடம் எழுதி வாங்குகிறார்களே என்று நினைத்தேன். பெரியவரை மருத்துவமனையில் பார்க்கப் போக வேண்டாம், அதுவே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றுகூட ஒருவர் அறிவுரை சொன்னார். நோயாளியை நலம் விசாரிப்பதற்கு யாருடைய சம்மதம் வேண்டும்? பழம் வாங்கிக்கொண்டு போனேன். ஆனால் கைபேசியைப் பற்றி அவரிடம் வாய் திறக்கவில்லை. அதற்குப் பாலிசியைக் காரணம் காட்டிக்கொண்டேன். அது காரணமன்று, அச்சம்.

அந்த வாரத்தில்தான் தியத் பாடத்தை எடுத்து உட்கார்ந்தேன். தவறுதலாக நேர்ந்த கொலைக்கான ஈட்டைக் குற்றம் செய்தவர் தனியாகச் சுமப்பதில்லை. அவருடைய தந்தைவழி உறவினராகிய ஆகிலா மூன்று ஆண்டுகளில் பகிர்ந்து கொடுப்பார்கள். ஒருவருடைய நொடிநேரத் தவறு அவரை ஓட்டாண்டியாக்கவும் கூடாது, பாதிக்கப்பட்டவர் வெறுங்கையோடு நிற்கவும் கூடாது என்பது அதன் ஏற்பாடு. இதை நான் பலமுறை நடத்தியிருக்கிறேன். அதற்கடுத்த வரியை நடத்தியும் கவனித்ததில்லை. ஆகிலா சுமக்காதவை எவை என்ற பட்டியல் அது: வேண்டுமென்றே செய்தது, சமரசம் பேசி ஏற்றுக்கொண்டது, தானாக ஒப்புக்கொண்டது. உறவினர்கள் அவரை உண்மைப்படுத்தினாலன்றி, அவருடைய ஒப்புதல் அவரை மட்டுமே கட்டும். இல்லாவிட்டால் யாரும் யாரோடும் சேர்ந்துகொண்டு பிறர் பணத்தின்மேல் பொறுப்பை ஏற்றிவிடலாம் அல்லவா?

நூலை மூடாமல் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். பாலிசித் தாளில் என்னைக் கொதிக்க வைத்த அதே தர்க்கம், நான் ஓதிக் கொடுக்கும் நூலில் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. ஆனால் நம் நூல் வாயை மூடு என்று சொல்லவில்லை. ஒப்புக்கொள், அதன் விலை பிறர்மீது விழாமல் உன்மீது விழக்கூடும் என்று மட்டும் சொல்கிறது. நிறுவனம் கைவிட்டால் நான் கொடுக்க வேண்டிவரும். எங்களிடம் அதற்கு இருந்தது மகளுக்கென்று சேர்த்த நகை. அன்றிரவு மனைவியிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தாள். "அவருக்கும் ஒரு மக இருக்குல்ல" என்றாள், அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து நிறுவனத்தின் விசாரணையாளர் வீட்டுக்கு வந்தார். மரியாதையான இளைஞர். என் வாக்குமூலத்தை அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார். மிதிவண்டிக்காரர் திடீரென்று வலப்புறம் திரும்பினார் என்று அதில் இருந்தது. பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு வரி பெரியவர் மீதும் கவனக்குறைவின் பங்கைச் சுமத்தும். அத்தனை சதவீதம் அவருடைய இழப்பீட்டில் கழியும். நான் பேனாவை வாங்கி, அதன் கீழே, அவர் மணலைச் சுற்றி விலகினார், அந்த நேரம் நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்த்திருந்தால் நிறுத்தியிருக்க முடியும் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். யாருக்கு எவ்வளவு என்று ஒரு சொல்லும் எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதினேன். இளைஞர் படித்துவிட்டு, "ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டீங்கன்னு நெனப்பாங்க சார்" என்றார். நினைக்கலாம், விசாரிக்கட்டும் என்றேன். குரல் நடுங்கியது. குற்றவியல் நடுவர் முன்பும் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினேன்.

பெரியவர் சார்பில் மனு உரிய காலத்திலேயே போடப்பட்டது. முதல் எதிர்மனுதாரர் நான், இரண்டாமவர் நிறுவனம். அவருடைய காகிதங்கள் சிதறிக் கிடந்தன. காயச் சான்றிதழ், மருந்துக் கடை ரசீதுகள், போக்குவரத்துச் செலவு, கூட இருந்து கவனித்தவருக்கான செலவு, சத்தான உணவுக்கான செலவு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கேட்கலாம் என்பது அவர் மகனுக்குத் தெரியாது. வழக்கறிஞர் சொன்னதற்குப் பிறகே ரசீதுகளைத் தேடினார்கள், பாதி கிடைக்கவில்லை. வருமானத்துக்கு என்ன ஆதாரம் காட்டுவது? 2018இல் கஜா புயல் சாய்க்கும் வரை அவருக்கென்று தென்னை மரங்கள் இருந்திருக்கின்றன. அதன் பிறகுதான் மற்றவர் தோப்பில் இளநீர் வாங்கி, மிதிவண்டியில் கட்டி விற்கத் தொடங்கியிருக்கிறார். அந்த வருமானத்துக்குத் தாள் ஏது? இப்படிப்பட்டவர்களுக்குத் தீர்ப்பாயம் தானே ஒரு மாத வருமானத்தை உத்தேசமாக வைத்துக் கணக்கிடுகிறது. ஊனம் எத்தனை சதவீதம் என்று மருத்துவக் குழு சான்று தந்தது.

2024இல் மக்கள் நீதிமன்றத்தில் வழக்கு சமரசமாயிற்று. நிறுவனம் இரண்டு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் கொடுத்தது. கவனக்குறைவின் பங்கு என்று எதையும் கழிக்கவில்லை. என் ஒப்புதல் வரி அதற்கு உதவியதா, யாரும் கவனிக்கவே இல்லையா என்று நான் கேட்கவில்லை. நகைக்கு வேலை வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

பணத்தின் கணக்கு முடிந்தது. மனிதருடைய உரிமை இன்னும் என்மேல் இருந்தது. ஒன்றரை ஆண்டாகத் தள்ளிப்போட்டதைச் சொல்ல ஒரு வெள்ளிக்கிழமை காலை போனேன். இப்போது அவர் மிதிவண்டி தள்ளுவதில்லை. சாலையோரம் ஒரு மரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து விற்கிறார். இடது கால் நீட்டியபடியே இருக்கிறது. நான் சொல்லி முடிக்கும்வரை அரிவாளைக் கீழே வைக்கவில்லை.

"போன் அடிச்சுச்சா பாய்?" என்றார். "யாரு கூப்பிட்டது?"

மாணவன் ஒருவனின் வாப்பா என்றேன். மறுநாள் மதரஸா உண்டா என்று கேட்கக் கூப்பிட்டிருக்கிறார்.

"வெள்ளிக்கெழம லீவுன்னு அவருக்குத் தெரியாதாக்கும்" என்றார். சற்று நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு காயை எடுத்துச் சீவி என் கையில் கொடுத்தார். குடித்து முடித்ததும் நாற்பது ரூபாயை நீட்டினேன். வாங்கி எண்ணிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.